எங்கும் ஓடும் ஜாவாவை எங்கே கட்டுகிறார்கள்?

ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும். 1995-இல் ஜாவா மொழியை வெளியிட்டபோது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தந்த வாக்கு இது. பெருமளவு காப்பாற்றப்பட்ட வாக்கும்கூட. விண்டோஸ் மடிக்கணினியில் கம்பைல் செய்த கிளாஸ் கோப்பை ராஸ்பெர்ரி பை பலகையில் வைத்தாலும் ஓடுகிறது, பெரிய சர்வரில் வைத்தாலும் ஓடுகிறது. கோப்பில் ஒரு பைட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அந்தக் கோப்பை வாங்கி ஓட்டுகிற ஜாவா மெய்நிகர் எந்திரத்துக்கு இந்த வசதி இல்லை. அது சி++ மொழியில் எழுதப்பட்ட நிரல். கீழே இருக்கும் சிப்பின் இயல்பை நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருக்கும் நிரல். இன்டெல் சிப்புக்குக் கட்டியது ஆர்ம் சிப்பில் ஓடாது. லினக்ஸுக்குக் கட்டியது விண்டோஸில் ஓடாது. ஒவ்வொரு சிப்புக்கும், அதன்மேல் வரும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் யாரோ அதைத் தனித்தனியாகக் கட்டித் தந்திருக்கிறார்கள். ஜாவாவில் எழுதுபவர் சிப்பை மறந்து வேலை செய்ய முடிவது, இவர்கள் சிப்பை ஒரு கணமும் மறக்காமல் வேலை செய்வதால்தான்.

இந்தக் கட்டுமான வேலையைப் பார்க்க நல்ல இடம் ஓபன்ஜேடிகே. 2006, 2007 ஆண்டுகளில் சன் நிறுவனம் ஜாவாவின் மூலநிரலைத் திறந்து வைத்ததில் பிறந்த திட்டம் அது. இன்று அதன் மூலநிரல் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டிப் பார்க்கலாம். கட்டும்போது கையில் வைத்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நிரல் எந்தக் கணினியில் ஓடப்போகிறது? எளிய கேள்விதான். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் அதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கம்பைலருக்குள் கம்பைலர்

ஓபன்ஜேடிகே இரண்டு பெரும் பகுதிகளாலானது. ஒன்று ஹாட்ஸ்பாட். 1999-இல் வந்த இந்த சி++ நிரல்தான் மெய்நிகர் எந்திரம். மற்றது ஜாவாவிலேயே எழுதப்பட்ட வகுப்பு நூலகமும், ஜாவாசி கம்பைலர் முதலான கருவிகளும்.

ஹாட்ஸ்பாட்டை ஒரு வகையில் கம்பைலர் என்றே சொல்லலாம். ஜாவா நிரல் பைட்கோடாக மாறி வருகிறது. அதில் ஏறத்தாழ இருநூறு கட்டளைகள். ஹாட்ஸ்பாட் விழித்தெழும்போது, இந்தக் கட்டளை ஒவ்வொன்றுக்கும் உரிய எந்திரக் குறிமுறையை அங்கேயே நினைவகத்தில் எழுதிக்கொள்கிறது. நிரலின் எந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறது என்று கவனித்து, அந்தப் பகுதியை சி1, சி2 என்ற உள் கம்பைலர்களிடம் கொடுத்து வேகமான குறிமுறையாக மாற்றுகிறது.

ஆக, இங்கே இரண்டு வகைக் கம்பைலர்கள் இருக்கின்றன. ஹாட்ஸ்பாட்டைக் கட்டுகிற ஜிசிசி அல்லது கிளாங் ஒன்று. ஹாட்ஸ்பாட்டுக்குள்ளே குடியிருந்து ஜாவாவைக் கம்பைல் செய்கிற சி2 போன்றவை இன்னொன்று. முதலாவது, கட்டும் நாளில் ஒருமுறை ஓடி முடிந்துவிடுகிறது. இரண்டாவது, பயனரின் கணினியில் ஒவ்வொரு முறையும் ஓடுகிறது. இந்த வேறுபாடு நமக்குப் பின்னால் கைகொடுக்கும்.

நேற்றைய மோர்

பால் தோய்க்க நேற்றைய மோர் கொஞ்சம் உறைக்கு வேண்டும். ஜாவாவும் அப்படித்தான். அதன் கம்பைலரே ஜாவாவில் எழுதப்பட்டிருப்பதால், ஜாவாவைக் கட்ட ஏற்கெனவே ஓடுகிற ஒரு ஜாவா தேவை. இதற்கு பூட் ஜேடிகே என்று பெயர். பொதுவிதி, முந்தைய பதிப்பு. 21-ஆம் பதிப்பைக் கட்ட 20-ஆம் பதிப்பு கையில் இருக்க வேண்டும்.

முதலில் பழைய ஜாவா, புதிய ஜாவாசியின் மூலநிரலைக் கம்பைல் செய்து ஓர் இடைக்காலக் கம்பைலரை உருவாக்குகிறது. பழைய எந்திரத்தின் மேல் ஓடும் அந்தப் புதிய கம்பைலர்தான் வகுப்பு நூலகம் முழுவதையும் கம்பைல் செய்கிறது. புதிய மொழி வசதிகளைப் பழைய கம்பைலர் அறியாது என்பதால் இந்த இடைப்படி. பூட் ஜேடிகேயிடம் நம் கேள்வியைக் கேட்டால் பதில் தெளிவு: அது ஓட வேண்டியது கட்டும் கணினியில். நாம் எந்தச் சிப்புக்காகக் கட்டுகிறோம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

கட்டுமுன் விசாரணை

வேலை கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்டில் தொடங்குகிறது. 2014-இல் வந்த ஜாவா 8-இலிருந்து ஓபன்ஜேடிகே இந்த முறையைக் கையாள்கிறது. இது கணினியை நடந்து சுற்றிப் பார்க்கிறது. சி++ கம்பைலர் எது, அதன் பதிப்பு என்ன, பூட் ஜேடிகே எங்கே, எழுத்துரு, ஒலி, திரை ஆகியவற்றுக்கான நூலகங்கள் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, கண்டதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. ஏதேனும் குறைந்தால், எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

நாம் சொல்ல வேண்டிய தேர்வுகளும் உண்டு. வெளியீட்டுக்கான கட்டுமானமா, பிழை தேடுவதற்கானதா? பிழை தேடுவதில் ஃபாஸ்ட்டீபக் என்ற நிலை மிகப் பயனுள்ளது. அதில் வேகமும் பெரிதாகக் குறையாமல் இருக்கும், உள்ளே ஆயிரக்கணக்கான சரிபார்ப்புகளும் விழித்திருக்கும். முழு சர்வர் எந்திரமா, சிறிய சாதனங்களுக்கான மினிமல் எந்திரமா? ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனி அடைவு உருவாகிறது. ஒரே மூலநிரலிலிருந்து பல எந்திரங்களை ஒன்றோடொன்று கலக்காமல் கட்டலாம்.

கம்பைலரிடம் பேசத் தெரிய வேண்டும்

சி++ கம்பைலருக்குக் கொடுக்கும் கொடிகள், அதாவது ஃபிளாகுகள், இந்த வேலையில் மிக நுட்பமான இடம். மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

2016-இல் ஜிசிசி 6 வந்தது. சி++ விதிப்படி ஒரு பொருளின் 'திஸ்' சுட்டி ஒருநாளும் வெறுமையாக இருக்கக் கூடாது. அதை நம்பி, 'திஸ் வெறுமையா?' என்று பார்க்கும் சோதனைகளை வீண் என்று நீக்கத் தொடங்கியது அந்தப் பதிப்பு. ஹாட்ஸ்பாட்டின் அன்றைய நிரலில் அப்படிப்பட்ட சோதனைகளை நம்பிய இடங்கள் இருந்தன. ஒரு பொருள் உருவாகுமுன்பே அதன் நினைவகத்தில் எழுதி வைக்கும் பழக்கமும் இருந்தது. அந்த எழுத்தையும் புதிய கம்பைலர் தேவையற்றதென்று அழித்தது. நிரல் குறையின்றிக் கம்பைல் ஆகும், ஓடும்போது விழும். இவ்விரு மேம்பாடுகளையும் நிறுத்தும் ஃபிளாகுகளைச் சேர்த்த பிறகே சரியானது.

இரண்டாவது, கணக்கு. ஏ-யைப் பி-யால் பெருக்கி சி-யைக் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். பெருக்கியதும் ஒருமுறை, கூட்டியதும் ஒருமுறை என இரண்டு தடவை விடை திருத்தமாக்கப்படும். ஆர்ம் 64 சிப்பில் இரண்டையும் ஒரே கட்டளையில் செய்யும் வசதி அடிப்படையிலேயே உண்டு. அதில் திருத்தம் ஒரே தடவைதான். விடை அதிகத் துல்லியமாக இருக்கும், ஆனால் கடைசி பிட்டில் மாறுபடலாம். ஜிசிசி தானாகவே இந்தக் கட்டளையைப் பயன்படுத்திவிடும். ஜாவாவின் ஸ்டிரிக்ட்மேத் வகுப்போ, சைன், காஸ் போன்றவற்றுக்கு எல்லாக் கணினியிலும் கடைசி பிட் வரை ஒரே விடை என்று உறுதி தருகிறது. அதன் அடியில் இருந்த சி நூலகத்தைக் கம்பைல் செய்யும்போது, இப்படிச் சேர்க்காதே என்று கம்பைலரைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் அந்தக் கணக்குகள் படிப்படியாக ஜாவாவிலேயே எழுதப்பட்டன.

மூன்றாவது, ஆசை. இந்தக் கணினியின் சிப்பில் உள்ள எல்லாப் புதிய கட்டளைகளையும் பயன்படுத்து என்று ஜிசிசிக்குச் சொல்ல ஒரு ஃபிளாக் உண்டு. அதைப் போட்டுக் கட்டிய எந்திரம், சற்றுப் பழைய சிப்பில் 'அறியாத கட்டளை' என்று நின்றுவிடும். அந்த ஃபிளாக் கட்டும் கணினியைப் பற்றியது. நமக்கு வேண்டியதோ ஓடும் கணினி. அதனால் சி++ பகுதியை அடக்கமான, பொதுவான சிப்புக்கே கட்டுகிறார்கள். வேகம் அதனால் போய்விடுவதில்லை. பயனரின் கணினியில் ஓடும் சி2 இருக்கிறதே, அது அங்கே என்ன சிப் என்று நேரில் விசாரித்து, புதிய கட்டளைகள் இருந்தால் பயன்படுத்திக்கொள்கிறது. முன்பு சொன்ன இரண்டு கம்பைலர்களின் வேலைப் பிரிவினை இதுதான்.

ஒரு கணினியில் கட்டி இன்னொன்றில் ஓட்டுவது

சிறிய பலகைக் கணினியில் ஹாட்ஸ்பாட்டைக் கட்டலாம். ஆனால் நினைவகமும் வேகமும் போதாமல் வெகுநேரம் இழுக்கும். புதிய சிப் என்றால் அதில் ஓடும் ஜாவாவே இன்னும் இருக்காது, உறைக்கு மோர் கிடைக்காது. இதற்காகத்தான் கிராஸ் கம்பைலேஷன். வலுவான இன்டெல் கணினியில் அமர்ந்து ஆர்ம் சிப்புக்கான எந்திரத்தைக் கட்டுவது.

ஆர்ம் குறிமுறையை வெளியிடும் ஜிசிசியை நிறுவி, இலக்கு எது என்று கான்ஃபிகருக்குச் சொன்னால் போதாதா? போதாது. கட்டும் வழியில் சில நிரல்களை உருவாக்கி அப்போதே ஓட்ட வேண்டியிருக்கிறது. முக்கியமானது ஏடிஎல்சி. ஒவ்வொரு சிப்பின் கட்டளைகளையும் விவரிக்கும் பல ஆயிரம் வரிக் கோப்பு ஒன்று ஹாட்ஸ்பாட்டில் உண்டு. அதைப் படித்து, சி2-வின் ஒரு பகுதிக்கான சி++ நிரலை எழுதித் தருவது ஏடிஎல்சி. அது படிப்பது ஆர்ம் சிப்பைப் பற்றி. ஆனால் ஓட வேண்டியது இன்டெல் கணினியில். அதை ஆர்முக்காகக் கம்பைல் செய்துவிட்டால் அடுத்த நொடியே வேலை நின்றுபோகும். அதனால் கிராஸ் கட்டுமானத்தில் இரண்டு சி++ கம்பைலர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஏடிஎல்சிக்கு ஒன்று, ஹாட்ஸ்பாட்டுக்கு ஒன்று.

ஜாவா பக்கமும் இதே கதை. 9-ஆம் பதிப்பிலிருந்து ஜாவா மாட்யூல்களாகப் பிரிந்திருக்கிறது. அவற்றைக் கோத்து முழு எந்திரமாக்கும் ஜேலிங்க் கருவி, கட்டப்படும் அதே பதிப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இப்போதுதான் கட்டிய ஜேலிங்க் ஆர்ம் சிப்புக்கானது, இங்கே ஓடாது. எனவே கட்டும் கணினிக்காக அதே மூலநிரலிலிருந்து இன்னொரு ஜேடிகே ஓசையின்றிக் கட்டப்படுகிறது. பில்ட் ஜேடிகே என்பது அதுதான். கிளாஸ் கோப்புகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ஜாவாவின் பழைய வாக்கு இங்கே ஜாவாவுக்கே உதவுகிறது.

செய்யவே முடியாத ஒரு வேலையும் உண்டு. எந்திரம் விரைவாக எழுவதற்காக, அடிக்கடி தேவைப்படும் வகுப்புகளை முன்கூட்டியே ஏற்றிப் பதப்படுத்தி வைக்கும் சிடிஎஸ் கோப்பு. அதைத் தயாரிக்கக் கட்டி முடித்த எந்திரத்தையே ஓட்ட வேண்டும். ஆகவே கான்ஃபிகர் அதை விட்டுவிடுகிறது. இலக்குக் கணினிக்குப் போனபின் ஒரு கட்டளையில் உருவாக்கிக்கொள்ளலாம்.

அடுத்து நூலகங்கள். ஆர்ம் ஹாட்ஸ்பாட்டை ஆர்ம் நூலகங்களோடுதான் இணைக்க வேண்டும். அதற்காக இலக்குக் கணினியின் கோப்பு அமைப்பை ஒரு அடைவுக்குள் நகலெடுத்து வைப்பதே சிஸ்ரூட். டெபியன் லினக்ஸில் டெபூட்ஸ்டிராப் என்ற கருவி இதைச் செய்து தரும். உள்ளிருக்கும் குறுக்கிணைப்புகள் வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் காட்டினால், கம்பைலர் தெரியாமல் கட்டும் கணினியின் கோப்புகளுக்குள் நுழைந்துவிடும். எனவே அவற்றைச் சார்புப் பாதைகளாக மாற்றிவிட வேண்டும்.

சிஸ்ரூட் புதிதாக இருப்பதும் நல்லதல்ல. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி பழையவற்றை மறப்பதில்லை. ஆனால் பழைய ஜிலிப்சி புதியதை அறியாது. 2.34-ஆம் பதிப்போடு இணைத்த நிரலை 2.31 உள்ள கணினி ஏற்காது. ஊருக்கெல்லாம் கொடுக்கும் எந்திரத்தை, ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய நூலகத்தோடு இணைப்பதே முறை. கம்பைலர் புதிதாக இருக்கலாம், சிஸ்ரூட் பழையதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டி வைத்ததே டெவ்கிட். எந்தக் கணினியில் கட்டினாலும் ஒரே விளைவு கிடைப்பது அதன் பயன்.

சிப் புதிதானால்

ஹாட்ஸ்பாட் அறியாத சிப்புக்கு என்ன செய்வது? ரெட் ஹாட் நிறுவனத்தில் கேரி பென்சன் உருவாக்கிய ஸீரோ அதற்கான வழி. சிப்பின் மொழியை ஏறக்குறைய பேசாமல், பைட்கோடைச் சி++ வழியாகவே ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும் எந்திரம் அது. வேகம் குறைவு. ஆனால் நல்ல சி++ கம்பைலர் இருந்தாலே போதும், ஜாவா அந்தச் சிப்பில் கால் வைத்துவிடும்.

புதிய சிப்புக்கு ரிஸ்க்-ஃபைவ் நல்ல எடுத்துக்காட்டு. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய, யாரும் உரிமத் தொகையின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுதி அது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் அதன்மேல்தான் உருவானவை. இந்தக் கட்டளைத் தொகுதிக்கான முழு ஹாட்ஸ்பாட் 2022-இல் 19-ஆம் பதிப்போடு ஓபன்ஜேடிகேயில் சேர்ந்தது. யாரிடமும் அனுமதி கேட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. கட்டளைத் தொகுதி திறந்தது, கம்பைலர் திறந்தது, மெய்நிகர் எந்திரமும் திறந்தது.

கட்டியதைச் சோதிக்க க்யூஎமு என்ற போலிமை மென்பொருள் உதவும். இன்டெல் கணினியிலேயே ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் நிரல்களை ஓட்டிப் பார்க்கலாம். அதோடு நின்றுவிடக் கூடாது. பல இழைகள் ஒரே நினைவகத்தில் எழுதும்போது, எழுதிய வரிசையை இன்டெல் சிப் கண்டிப்பாகக் காக்கிறது. ஆர்ம் அவ்வளவு கண்டிப்பானதல்ல. வரிசை பிசகுவதால் வரும் பிழை இன்டெல்லின் மேல் ஓடும் க்யூஎமுவில் மறைந்துகொண்டு, உண்மையான பலகையில் வெளிப்படலாம். கட்டுவது எங்கேயாக இருந்தாலும் இறுதிச் சோதனை ஓடும் இடத்தில்தான்.

ஜாவா படிக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது ஓபன்ஜேடிகேயை எடுத்துக் கட்டிப் பார்க்க வேண்டும். வழிகாட்டி மூலநிரலோடு ஆவண அடைவிலேயே இருக்கிறது. முதலில் சொந்தக் கணினிக்கு, பிறகு ஸீரோ, அதன்பின் கிராஸ். எங்காவது நின்றால் பிழைச் செய்தியை இணையத்தில் தேடுமுன், நின்ற நிரல் எந்தக் கணினிக்காகக் கம்பைல் ஆனது, இப்போது எந்தக் கணினியில் ஓட முயல்கிறது என்று பாருங்கள். கிராஸ் கட்டுமானத்தின் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு பதில்களும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பிறக்கின்றன.