வார்ப்பதா, வளர்ப்பதா?

இளையோரை விசுவாசத்தில் வழிநடத்த நம் சபைகள் பலவற்றில் ஒரே அச்சுதான் இருக்கிறது. நாவன்மை உள்ளவருக்கு மேடை. மற்றவருக்குப் பாயோ பெஞ்சோ! வரங்கள் பல, அவற்றை அருளும் ஆவியானவர் ஒருவரே என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை மனப்பாடமாகச் சொல்பவர்களும் இதற்கு விலக்கல்லர். தனித்தன்மையை மதித்து ஒருவரை வளர்ப்பது எப்படி என்பதற்குத் தஞ்சாவூர் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அது முழுக்க இனிமையானது அல்ல.

பிரஷ்யாவில் பிறந்து, 1750-இல் தமிழகம் வந்த மிஷனரி கிறிஸ்டியன் பிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ், பாளையங்கோட்டை உபதேசியார் ஒருவரின் மகனைத் தஞ்சைக்கு அழைத்துவந்து கல்வி அளித்தார். அச்சிறுவனே பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). தஞ்சை இளவரசர் சரபோஜியும் ஸ்வார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, அரசராகி, சரசுவதி மகால் நூலகத்தைச் செழிக்கச் செய்தார். 1798-இல் ஸ்வார்ட்ஸ் மறைந்தபின் அவருக்குச் சலவைக்கல் நினைவுச்சின்னம் எழுப்பியவரும், மதம் மாறாத இந்த மாணவர்தான்.

வேதநாயகத்தின் வரம் தமிழ்ப்பாட்டு. மிஷன் ஆலயங்களில் ஜெர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள் ஒலித்த காலம் அது. கோயிலையும் அரசவையையும் சார்ந்து வளர்ந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்து, 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’யை அவர் இயற்றினார். அதைக் காண ஸ்வார்ட்ஸ் உயிருடன் இல்லை. ஆயினும், தமிழ் மரபில் ஊறிய மாணவரை அதிலிருந்து பிடுங்கி நடாமல், இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே ஆசிரியப் பொறுப்பில் அமர்த்திய நம்பிக்கைக்கு இதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

சிக்கல் அடுத்த தலைமுறையில் வந்தது. 1820-களில் தஞ்சையில் பணியாற்றிய புதிய மிஷனரிகள், ஆலய இருக்கையிலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு கூடாது என்றனர். சாஸ்திரியார் அவ்வேறுபாட்டுக்காக வாதாடினார். இதில் மிஷனரிகள் பக்கமே நியாயம். வரத்தை மதிப்பது என்பது பிழைக்கு இணங்குவது ஆகாது. பாட்டுத்திறம் பெற்றவர் என்பதற்காகச் சக விசுவாசியை ஒதுக்க உரிமை வந்துவிடாது. ஆனால், அதே வேகத்தில் ஆலய வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளையும் தடுக்க முற்பட்டனர். களையும் பயிரும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்தன. கண்டிக்க வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று பிரித்தறிய, ஆளை நெடுநாள் அருகிருந்து அறிந்திருக்க வேண்டும். ஸ்வார்ட்ஸுக்கு அந்த நெருக்கம் இருந்தது. பின்வந்தோர் சாஸ்திரியாரிடம் முதலில் கண்டது எதிர்ப்பாளரைத்தான். மிஷன் பணியை இழந்த அவரை ஆதரித்தது சரபோஜியின் அரண்மனை.

அவருடைய கீர்த்தனைகள் இன்று தமிழ் ஆலயங்களில் ஒலிக்கின்றன. அவர் வாதாடிய பாகுபாடும் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் சுவராக நிற்கிறது.