பழத்தோட்டத் தெய்வமும் 516½ மணி நேரமும்

சென்ற மாதம் 'பொமோனா' திரைச்சீலை பற்றி வானொலியில் பேசியபோது நேரம் போதவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

பொமோனா ரோமானியரின் பழத்தோட்டத் தெய்வம். ரோமானியத் தெய்வங்கள் பலவற்றுக்குக் கிரேக்கத்தில் இணை உண்டு, இவளுக்கு இல்லை. 1885-ல் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸின் மெர்ட்டன் ஆபி பட்டறையில் இவள் உருவத்தை நெய்தார்கள். உருவத்தை வரைந்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். பின்னால் சுருண்டு படரும் பெரிய இலைகள் மாரிஸ் வரைந்தவை. மான்செஸ்டர் விட்வொர்த் கலைக்கூடத்தில் இதைப் பாதுகாக்கிறார்கள்.

இது துணிமேல் தீட்டிய ஓவியமல்ல. ஊசியால் போட்ட பூவேலையும் அல்ல. சாதாரணத் தறியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடும். இதில் ஒவ்வொரு நிற ஊடையும் தன் இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும். ஆப்பிளின் சிவப்பு நூல் ஆப்பிளின் விளிம்போடு நின்றுவிடும். பாவு நூல் முழுக்க மறைந்துபோகும். நெய்பவர் பின்பக்கம் உட்கார்ந்து, எதிரே வைத்த கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்வார்.

கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்குப் பிடித்த செய்தி இனிமேல்தான். 1879-ல் இந்த நெசவைக் கற்றுக்கொள்ள மாரிஸ் தன் படுக்கையறையிலேயே தறி போட்டார். முதல் துண்டுக்கு ஆன நேரத்தைக் குறித்து வைத்தார். மொத்தம் 516½ மணி. நாளுக்கு எட்டு மணி என்றால் 64 நாளுக்கு மேல்!

இதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு கைவினைச் சந்தையில், ஒரு மூதாட்டி நெய்த சது விரிப்பை அரைகுறை அரபியில் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். சது என்பது பெதூயின் பெண்கள் தரைத்தறியில் ஆட்டுக் கம்பளி, ஒட்டக மயிர் கொண்டு நெய்வது. பொமோனாவுக்கு நேர் எதிர்: இதில் பாவுதான் கோலம் காட்டும், ஊடை மறையும். நெய்யத் தெரிந்த மூத்த பெண்கள் குறைந்துவருவதால், அமீரகத்தின் சதுவை 2011-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஓவர்டைமில் அரை மணி விட்டுப்போனாலும் நம்மவர்கள் சம்பளச் சீட்டோடு என் மேசைக்கு வருவார்கள். நானும் சரிபார்த்துத் திருத்திக் கொடுப்பேன். அந்த அம்மாவின் நேரத்தை மட்டும் பாதியாக வெட்டிவிட்டேன். எத்தனை நாள் ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேயர்களே, சதுவோ காஞ்சிப் பட்டோ, விலை கேட்கும் முன் நெய்த நாளைக் கேளுங்கள். பேரம் பேச நாக்கு தானே தயங்கும்.