சிறு முதலும் பழைய பிக்கப்பும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைச் சீர்செய்ய விரும்புவோர் முதலிற் கேட்கும் கேள்வி, "இதற்கு எவ்வளவு செலவாகும்?" என்பதாகும். அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கையிலுள்ள பணத்தை எதில் முதலிற் செலவிடுவது என்பதே அது. பணம் மிகுந்தவர் எந்த வேலையை முதலிற் செய்தாலும் ஈற்றில் வண்டி வந்துசேரும். பணம் குறைந்தவருக்கோ வேலையின் வரிசையே முதல். வரிசை பிழைத்தால் இருந்த பணமும் போய், வண்டியும் வேலிக்கரையில் நின்றுவிடும். எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு காரியத்தைக் கொண்டே இதனை விளக்க விழைகின்றேன்.

என் அத்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயச் செய்கை பண்ணுபவர். 2003ஆம் ஆண்டில், தம் விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதற்கென ஒரு மொறிஸ் மைனர் பிக்கப்பை வாங்கினார். பணம் போதாமையால் அக்காவின் ஒரு சோடிக் காப்பு அடகுக்கடைக்குச் சென்றது. வண்டி உழைத்துக் காப்பை மீட்டுத் தரும் என்பது இருவரதும் நம்பிக்கை.

மொறிஸ் மைனர் என்பது அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் ஆக்கம். 1948ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த மோட்டார்க் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. கால் தொன் பாரம் ஏற்றும் பிக்கப் 1953இல் வெளியாயிற்று. 1971 வரை தயாரிக்கப்பட்டது. அதே இனத்துக் காருக்கும் பிக்கப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காரில் உடற்கூடே பாரத்தைத் தாங்கும். பிக்கப்பிலோ தனியான இரும்பு அடிச்சட்டம் தாங்கும். ஆகவே பிக்கப்பின் உயிர்நிலை வெளித்தகடன்று, கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டமே.

இத்தகைய வண்டிகள் நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. 1960களிலும், 1977இற்கு முன்னரான 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி பெரிதும் சுருங்கியது. இருந்ததைத் திருத்தி ஓடவேண்டிய நிலை அப்போதே பிறந்தது. பின்னர், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் வடபகுதியிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அத்தான் வாங்கிய வண்டியும் அவ்வாறு பல்லாண்டு ஓடியதே.

இனி, அவர் செய்த பிழையைச் சொல்கின்றேன். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வர்ணம் பூசுவதற்கு விட்டார். பள்ளங்கள் பூச்சுப்பசையால் நிரப்பப்பட்டன. அழகிய பச்சை வர்ணம் ஏறிற்று. ஊரார் புகழ்ந்தனர். பணமும் தீர்ந்தது. மூன்றாம் வாரம், வெங்காய மூட்டைகளுடன் ஓர் ஒழுங்கை முடக்கில் பிறேக்கை மிதித்தார். மிதி தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. நல்வாய்ப்பாக எதிரே ஆளில்லை. ஒரு கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு தோட்டத்துள் இறங்கி நின்றது. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவ்வண்டி எங்கள் மாமரத்தின் கீழ் நின்றது. அடகுக்கடை வட்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மீண்டும் வேலை தொடங்கியபோது கையில் இருந்தது ஒரு போகத்து வெங்காயக் காசு. அயலூர் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவுமில்லை. தரையிற் சாக்கை விரித்து வண்டியின் கீழே படுத்தார். எழுந்து வந்து, "தம்பி, ஓடாத வண்டி ஒருத்தரையும் கொல்லாது, நில்லாத வண்டிதான் கொல்லும்" என்றார். வேலையின் வரிசை அந்த ஒரு வாக்கியத்துள் அடங்கியிருந்தது.

பணத்தைப் பத்துக் கூறாக்கச் சொன்னார். பிறேக், ஸ்ரியரிங், ரயர் ஆகியவற்றுக்கு நான்கு கூறு, அடிச்சட்டத்துக்கு இரண்டு, எஞ்சினுக்கு இரண்டு, மின்கம்பிகளுக்கு ஒன்று, எதிர்பாராத செலவுக்கு ஒன்று. வர்ணத்துக்கு ஒன்றுமில்லை.

முதலில் அடிச்சட்டம். சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துரு தின்ற இரும்பு மொத்தென ஒலிக்கும். பின்புற வில்லுத்தகடுகள் மாட்டப்பட்ட இடத்தில் இரும்பு காகிதமாய் இருந்தது. உப்புக்காற்றும் தேங்கிய சேறும் செய்த வேலை அது. பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றி அகற்றிய பின்னரே வெல்டிங் நடந்தது; இதை மறந்து தீயிற் சிக்கியோர் பலர். வெல்டிங் வெப்பத்தில் அத்தானின் பச்சை வர்ணம் கொப்பளித்துக் கருகியது. வரிசை பிழைத்த செலவு இருமுறைச் செலவு என்பதை அன்று கண்ணாரக் கண்டோம்.

அடுத்தது பிறேக். இவ்வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவக் குழாய்த் தொகுதிதான். எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கும் ஒருங்கே கைவிடும். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அவ்வீரம் உருளையின் உட்சுவரைத் துருவாக்கிச் சிறு குழிகளை உண்டாக்கும். குழி விழுந்த உருளையில் புதிய றப்பரை மாட்டினால் ஒரு மாதத்தில் அது மீண்டும் ஒழுகும். ஆகவே, றப்பருக்குச் சிறுகச் சிறுகச் செலவழிப்பதிலும் உருளையை ஒருமுறை மாற்றுவதே மலிவு. திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை விடுவோரும் உளர். அது றப்பரை ஊதச்செய்து அழித்துவிடும். மேலும், பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரோஸ் இருந்திருக்கலாம். அத்தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அது நுரையீரலுக்குப் பெருங்கேடு.

முன்சக்கரங்களைத் தாங்கும் ட்றனியன் என்னும் திருகுமூட்டு இவ்வினத்தின் பெயர்பெற்ற பலவீனம். கிறீஸ் காணாமல் அது தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்து விழும். புதிய மூட்டு விலையேறியது. கிறீஸோ சில்லறைக் காசு. ஏழைக்கு ஏற்ற பராமரிப்பு என்பது இதுதான்.

பின்னரே எஞ்சினுக்கு வந்தார். புகைகிறது, இழுவை இல்லை என்றதும் நால்வரில் மூவர் முழு எஞ்சினையும் பிரிப்பர். அவரோ முதலில் அளந்தார். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானியால் அளந்தபோது ஒன்று மட்டும் குறைந்திருந்தது. அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். அமுக்கம் கூடினால், எண்ணெய் இடைவெளியை அடைத்தது என்பது பொருள். ஆகவே குற்றம் பிஸ்ரன் வளையத்தில். கூடாவிட்டால் குற்றம் பெரும்பாலும் மேலேயுள்ள வால்வில். எங்கள் வண்டியில் அமுக்கம் கூடவில்லை. மேல்மூடியை மட்டும் கழற்றினோம். மண்ணெண்ணெய்க் காலத்துக் கரி தடித்துப் படிந்திருந்தது. ஒரு வால்வின் விளிம்பு எரிந்திருந்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டு முதல் ஈயம் கலவாத பெற்றோலே விற்பனையாகின்றது. பழைய எஞ்சினில், ஈயத்தின் காவலின்றி, வால்வு அமரும் இருக்கை விரைவிலே தேயும். மூடி எப்படியும் லேத்துப் பட்டறைக்குச் சென்றமையால் கடினமான புதிய இருக்கைகளையும் அங்கேயே பதிப்பித்தோம். ஒரு கரண்டி எண்ணெய் நான்கு பிஸ்ரன்களின் விலையை மிச்சப்படுத்தியது.

உதிரிப்பாகங்கள் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து, 2002இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதி வழியாக லொறியில் வந்தன. இவ்வினத்துக்குப் பாகம் தேடுவது நினைக்குமளவு கடினமன்று. 1990களில் தென்னிலங்கையில் ஒரு தொழிற்கூடம் மொறிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்து, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது.

வேறு சில சிறு குறிப்புகளும் உண்டு. ஒரே நேரத்தில் வண்டி முழுவதையும் பிரிக்காதீர்கள். ஒன்றைப் பிரித்துப் பூட்டிய பின்னர் மற்றதைத் தொடுங்கள். கழற்றிய ஆணிகளையும் சுரைகளையும் பாகம் பாகமாகச் சிரட்டைகளில் இட்டு வையுங்கள். செலவை அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வண்டியை வாங்குமுன்னரே, எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துள்ளனவா என்று பாருங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் எஞ்சின் மாற்றப்பட்ட வண்டிகள் பல. அம்மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதியப்படாதிருப்பின், நீங்கள் இடும் பணம் முழுவதும் பெறுமதியற்றுப் போகலாம்.

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கருகிய பச்சை வர்ணத்துடனேயே அவ்வண்டி சுன்னாகம் சந்தைக்குப் போயிற்று. ஊரார் இம்முறை புகழவில்லை, சிலர் சிரித்தனர். அத்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. போகும்போது, அதே ஒழுங்கை முடக்கில் வேண்டுமென்றே ஒருமுறை பிறேக்கை மிதித்தார். வண்டி நின்றது. அடுத்த ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. உதிரிப்பாகங்களின் வரவும் நின்றது. அதற்குள் செய்யவேண்டியவை செய்யப்பட்டிருந்தமையால் வண்டிக்குப் பெரும் பழுதெதுவும் வரவில்லை. அக்காவின் காப்பும் வீடு திரும்பிற்று.

ஆகவே நேயர்களே, சிறு முதலுடன் பழைய வண்டியைச் சீர்செய்யப் புகுவோர் இவ்வரிசையை மனத்திற் கொள்ளுங்கள்: முதலில் தாங்கும் இரும்பு, அடுத்தது நிறுத்தும் பிறேக், அதன்பின் ஓட்டும் எஞ்சின். வர்ணம், வண்டி தானே உழைத்துத் தரும் பணத்தில் வரட்டும்.