இசைத்தட்டும் வீட்டதிர்வும்

இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி பள்ளத்தின் நெளிவை மாத்திரம் அறிவதன்று. தன்னைத் தாங்கும் மேசையின் அசைவையும் உடன் அறியும். இரண்டையும் பிரித்துணரும் ஆற்றல் அதற்கில்லை. சுழலியையும் ஒலிபெருக்கியையும் ஒரே மேசையில் வைப்பார்க்கு நேரும் இடர் இதனால் விளைவதே. தவிலின் தொப்பி முழங்கப் பெட்டி அதிரும். பெட்டி மேசையை அசைக்கும். மேசை ஊசியை அசைக்கும். அவ்வசைவு பெருக்கப்பட்டு மீண்டும் பெட்டியை அடையும். ஒலியை மிகுப்பின் இவ்வட்டம் ஓயாத ஊளையாகிவிடும்.

1961ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்கர் வில்ச்சரின் சுழலி வெளிவந்தது. அதில் தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்திற் பிணைக்கப்பட்டுச் சுருள்விற்களின்மேல் நின்றன. இரண்டும் சேர்ந்தே அசைதலின் ஊசி அவ்வசைவைப் பெரிதும் உணராது.

இன்று விற்கப்படும் அதிர்வுதாங்கும் பாதங்களும் இந்நெறியினவே. ஆயின் மென்மையின் அளவு முக்கியம். பாரத்தால் வில் 10 மில்லிமீற்றர் அமிழின் அதன் இயல்பு மீடிறன் விநாடிக்கு ஏறத்தாழ 5, 2.5 மில்லிமீற்றர் அமிழின் 10. இம்மீடிறனின் 1.4 மடங்கிற்கு மேற்பட்ட அதிர்வே குறையும். அதனை அண்டியதோ பெருகும். ஊசிக்கையின் பரிவும் பொதுவாக 8 முதல் 12 வரை அமைதலின், 10 தகாத தெரிவாம். கூரிய உலோகக் கால்களோ பெட்டியை உறுதியாக நிறுத்துமேயன்றி அதிர்வைத் தடுப்பனவல்ல. விற்போர் இதனை உரைப்பது அரிது.

மரத்தளமுடைய மேனாட்டு வீடுகளிற் காலடியே பெரும்பகை. சுண்ணக்கல் நிலத்தின்மீது சீமெந்துத் தரையிட்ட தெல்லிப்பழை வீட்டில் அவ்வச்சம் சிறிது. ஆதலின், பாதங்களுக்குப் பணம் செலவிடுமுன் ஒலிபெருக்கியை வேறொரு தாங்கியில் நிறுத்துதல் நன்று. பின்னர், சுழலாத தட்டின்மேல் ஊசியை இறக்கி மேசையை விரலால் மெல்லத் தட்டுக. ஒலிபெருக்கியிற் கேட்பது எவ்வளவோ, அவ்வளவே எஞ்சிய குறை.