தீபாவளிக்கு நிறுத்திய கார்... பொங்கலுக்கு 70 வளைவு இறங்குமா? கொல்லிமலையில் பனியில் நிற்கும் வண்டிகளுக்கு காத்திருக்கும் ஆபத்து

நாமக்கல்:

ஐப்பசி மழை பிடித்தால் தை பிறக்கும் வரை கொல்லிமலையில் ஈரமும் பனியும்தான். பொழுது விடிந்து வெகுநேரம் ஆகியும் எதிரே வரும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும் நாட்கள் உண்டு.

இந்த 3 மாதமும் வெட்டவெளியில் நிற்கும் கார், ஜீப், ஆம்னி வேன்களை மலையில் பார்க்கலாம். வீட்டு வாசலில் சில, பலா மரத்தடியில் சில, ரோட்டோரத்தில் சில.

மேடும் பள்ளமுமான மலை கிராமத்தில் வாசல் வரை வண்டி போகாத வீடுகள் உண்டு. ஷெட் போட இடம் கிடைக்காது, இடம் இருந்தால் காசு இருக்காது. ரோடு முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டியதுதான்.

மழை, பனியில் மலைப்பாதையில் வண்டி ஓட்ட பயந்து சிலர் காரை தொடுவதே இல்லை. பிழைப்புக்காக கீழே போய்விடுபவர்கள் பண்டிகைக்குத்தான் திரும்பி வருகிறார்கள். தீபாவளிக்கு நிறுத்திய வண்டியை பொங்கலுக்குத்தான் எடுப்பார்கள்.

"சும்மாதானே நிக்குது, அதுக்கு என்ன ஆயிடப்போகுது" என்று விடுவதுதான் தப்பு. ஓடும் வண்டியை விட, ஈரத்தில் சும்மா நிற்கும் வண்டிக்கு கேடு அதிகம்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் செலவு... ஆகிவிட்டால்?

3 மாதம் கழித்து சாவி போட்டு ஸ்டார்ட் ஆகாவிட்டால் அது செலவோடு போய்விடும். பேட்டரியோ, வயரோ மாற்றினால் தீர்ந்தது.

ஸ்டார்ட் ஆகிவிட்டால்தான் ஆபத்து. வண்டி நல்லா இருக்கு என்று நினைத்து குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நேராக மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். காரவள்ளி பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்தாக வேண்டும். 3 மாதம் தொடாமல் கிடந்த பிரேக்கை அங்கே போய் சோதித்து பார்க்க முடியாது.

நிறுத்தும்போதும் சரி, எடுக்கும்போதும் சரி, முதலில் கவனிக்க வேண்டியது பிரேக்கைத்தான்.

பிரேக்கில் என்ன நடக்கிறது?

பெரும்பாலான கார்களில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும். டிஸ்க் என்பது வெறும் இரும்புத் தட்டு. மழையில் ஒரே ராத்திரி நின்றாலும் மேலே துரு பூக்கும். இது சாதாரணம்தான். நாலு முறை பிரேக் பிடித்தால் தேய்ந்து போகும்.

மாதக்கணக்கில் நின்றால் கதை வேறு. துரு ஆழமாக ஏறும். பிரேக் பேடை அழுத்தும் பிஸ்டன் இறுகிப்போகும். ஒரு பக்க சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி அந்த பக்கமாக இழுக்கும். வளைவில் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி மாதக்கணக்கில் விட்டால், டிரம்முக்குள் இருக்கும் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாலும் சக்கரம் சுற்றாது. ஆக்சிலேட்டரை மிதித்து இழுத்தால் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பெயர்ந்துவிடும்.

அடுத்தது பிரேக் ஆயில். சாதாரண கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றில் உள்ள ஈரத்தை குடிக்கும் குணம் கொண்டவை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 ஆயிலுக்கு இது 230 டிகிரி, 155 டிகிரி.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தில் சூடு ஏறும். ஈரம் குடித்த ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். அப்போது மிதித்தால் பெடல் பொதபொதவென்று அடி வரை போகும், வண்டி நிற்காது. 3 மாதத்தில் ஆயில் இப்படி கெட்டுவிடாது. வருடக்கணக்கில் மாற்றாத ஆயில்தான் காலை வாரும். 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

எங்கே நிறுத்துவது?

* சமதளமான இடமாக பார்க்க வேண்டும். புல் தரையும், சேறும் அடியில் இருந்து ஈரத்தை ஏற்றும். ஜல்லி அல்லது பாறை மேல் நிறுத்துவது நல்லது. வழியில்லாவிட்டால் டயருக்கு அடியில் பலகை போடலாம்.

* சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் பெரிய கல்லோ கட்டையோ கொடுக்க வேண்டும்.

* சரிவில்தான் இடம் என்றால் ஹேண்ட் பிரேக்கை விடக்கூடாது. மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். கல் கொடுப்பது கட்டாயம். இப்படி நிறுத்திய வண்டியை வாரம் ஒரு முறையாவது நகர்த்தி வைக்க வேண்டும்.

* மரத்தடி நிழல் கோடைக்குத்தான் நல்லது. மழைக்காலத்தில் கிளை முறிந்து விழும். பறவை எச்சமும் மரத்துப் பாலும் பெயிண்டை அரிக்கும். மண் சரிவு வரக்கூடிய மேட்டுக்கு கீழேயும் நிறுத்தக்கூடாது.

தார்ப்பாயை போர்த்தலாமா?

மழைக்கு பயந்து பிளாஸ்டிக் தார்ப்பாயை கார் மேலேயே போட்டு கயிற்றால் இறுக்கி கட்டுவார்கள். மேல் மழை உள்ளே வராது. ஆனால் தரையில் இருந்து ஏறும் ஈரம் வெளியே போகவும் முடியாது. உள்ளேயே வியர்த்து துரு பிடிக்கும். காற்றில் தார்ப்பாய் உரசி பெயிண்டிலும் கோடு விழும்.

நாலு மூங்கில் நட்டு, காருக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு அதே தார்ப்பாயை பந்தல் மாதிரி கட்டினால் செலவும் குறைவு, காற்றும் ஓடும்.

நிறுத்தும் முன் அடிப்பாகத்தில் ஒட்டிய செம்மண்ணை கழுவிவிட வேண்டும். மண் ஈரத்தை பிடித்து வைத்து தகட்டை தின்றுவிடும். முன் கண்ணாடிக்கு கீழே தேங்கும் இலை, சருகையும் எடுத்துவிட வேண்டும். அங்கே தண்ணீர் போகும் துவாரம் அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கும்.

பேட்டரியும் பெட்ரோலும்

கார் ஓடாவிட்டாலும் கடிகாரம், அலாரம் என்று பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு கீழே போய் அப்படியே கிடந்தால் பிறகு சார்ஜ் ஏற்றினாலும் தேறுவது கஷ்டம்.

மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் வயரை கழற்றி வைப்பது நல்லது. பல கார்களுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அதற்கு முன் கதவை சாவியால் பூட்டி திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தினமும் 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் லாபம் இல்லை, நஷ்டம்தான். ஸ்டார்ட் செய்ய செலவான கரண்ட் 5 நிமிடத்தில் திரும்ப ஏறாது. சூடு ஏறாத சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கி துரு பிடிக்கும். 2 வாரத்துக்கு ஒரு தடவை மலை மேலேயே 10 கி.மீ. தூரம் ஓட்டிவிட்டு வந்தால் பேட்டரி, பிரேக், டயர் மூன்றுக்கும் நல்லது. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது. அந்த புகை ஆளைக் கொல்லும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து தண்ணீர் துளியாக மாறும். எனவே டேங்கை நிரப்பி நிறுத்துவதே மேல். டீசல் வண்டியில் பில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

டயரில் வழக்கத்தை விட கொஞ்சம் கூடுதலாக காற்று வைக்கலாம். ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகி, ஓட்டும்போது தடதடக்கும். எடுக்கும்போது காற்றை பழைய அளவுக்கு குறைத்துவிட வேண்டும்.

எலிக்கு வீடு

குளிருக்கு இதமான இடம் தேடும் எலிக்கு கார் என்ஜின் அரண்மனை. வயர், ரப்பர் டியூப் எல்லாவற்றையும் கடிக்கும். காற்று பில்டருக்குள் சருகை சேர்த்து கூடும் கட்டும். புகையிலை கட்டு வைப்பது, ரசகற்பூர உருண்டை போடுவது எல்லாம் மலையிலும் சமவெளியிலும் பழகிய வைத்தியம்தான். வாசனை போனதும் எலி திரும்ப வரும். வாரம் ஒரு முறை பானெட்டை திறந்து பார்ப்பதே உருப்படியான வழி. காருக்குள் தின்பண்டம், தானிய மூட்டை எதையும் விட்டு வைக்கக்கூடாது.

ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை தட்டிவிட்டு திறக்க வேண்டும். உள்ளே பாம்பும் இருக்கலாம்.

ஊட்டி வேறு, கனடா வேறு

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே கார் மேல் உறைபனி படியும். கண்ணாடியில் உறைந்த பனியை கரைக்க வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம்தான். இங்கே எதிரி உறைபனி அல்ல, ஈரம்.

தமிழர்கள் வாழும் கனடாவில் எதிரி உப்பு. ரோட்டில் பனிக்கட்டி கரைய உப்பு தூவுவதால் காரின் அடிப்பாகம் அரிக்கும். மாண்ட்ரியல் நகரம் உள்ள கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் மாட்டுவது சட்டப்படி கட்டாயம்.

இன்சூரன்சை மறக்கலாமா?

"வண்டிதான் ஓடலையே, எதுக்கு இன்சூரன்ஸ்" என்று விட்டுவிடுவதும் உண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பொது ரோட்டில் எடுத்தால் முதல் தடவை 2 ஆயிரம் ரூபாய், அடுத்த தடவை 4 ஆயிரம் ரூபாய் அபராதம். 2019-ம் ஆண்டு திருத்தத்துக்கு பிறகு இதுதான் கணக்கு. 3 மாதம் சிறையும் சட்டத்தில் உண்டு.

மரம் விழுந்தாலோ, மண் சரிந்தாலோ மூன்றாம் நபர் இன்சூரன்சில் சொந்த காருக்கு ஒரு பைசா கிடைக்காது. சொந்த சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசியில்தான் புயல், வெள்ளம், மண் சரிவுக்கு பணம் கிடைக்கும். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த போனஸ் தள்ளுபடியும் போய்விடும்.

மலை இறங்கும் முன்...

1. சக்கரத்துக்கு உள்பக்கமும், காருக்கு அடியிலும் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. பிரேக் ஆயில் டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். கருத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டும்.

3. என்ஜினை ஓடவிட்டு பிரேக் பெடலை அரை நிமிடம் அழுத்தி பிடிக்க வேண்டும். கல் மாதிரி நின்றால் சரி. மெல்ல மெல்ல கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

4. சமதளத்தில் மெதுவாக ஓட்டி பத்து, பதினைந்து தடவை பிரேக் பிடித்து பார்க்க வேண்டும். முதலில் கரகர சத்தம் வந்து நின்றுவிட்டால் அது மேல் துரு. சத்தம் தொடர்ந்தாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ மெக்கானிக் பார்த்தாக வேண்டும்.

5. ஸ்டார்ட் ஆகாத வண்டியை இறக்கத்தில் உருட்டி, கியர் போட்டு கிளப்பும் பழக்கம் உண்டு. மலைப்பாதையில் இது உயிரோடு விளையாட்டு. என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்யாது. இரண்டு மூன்று மிதிக்கு பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும்.

6. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் முழு பாரமும் பிரேக் மேல்தான் விழும். வழியில் பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

இதில் எதிலாவது சந்தேகம் வந்தால் அன்றைக்கு காரை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். மெக்கானிக்கை மலைக்கு மேலே வரவழைத்தால் பஸ் செலவும் கூலியும் கூடத்தான் ஆகும். ஆனால் பிரேக் இல்லாத வண்டியை கீழே கொண்டுபோய் பழுது பார்க்கலாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. பண்டிகைக்கு போயே ஆக வேண்டும் என்றால் செம்மேட்டில் இருந்து பஸ் இருக்கிறது.