நடந்ததைக் கேளுங்கள்
கைக்குழந்தை இருக்கும் வீடு – 14

2017-ல் வந்த சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால், அம்மா வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் முடிந்திருக்கும். பசியோ வலியோ, அழத்தான் தெரியும். அந்தப் பிள்ளையை ஒருவரை நம்பி விடுவதற்கு முன், அவரை ஏற்கெனவே வைத்திருந்த வீட்டாரிடம் பேசியே ஆக வேண்டும். பலரும் அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். “ஆயாம்மா எப்படி?” “நல்லவங்கதான்.” அவ்வளவுதான்.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று உங்களுக்கு எப்போது சொன்னார்? கேட்காமல் மருந்து கொடுத்தாரா? சாப்பிட அடம்பிடித்தால் என்ன செய்வார்? ஏன் வேலையை விட்டார்?

வேளச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இப்படிக் கேட்டபோது மறுமுனையில் வந்த பதில் இது: “பையன் கட்டில்லேர்ந்து விழுந்துட்டான். நான் மீட்டிங்ல இருந்தேன். விடாம போன் பண்ணாங்க. நெத்தி வீங்கினதைப் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.” அந்த ஆயாம்மாவை அன்றே வரச் சொல்லிவிட்டார். குழந்தை விழாத வீடு கிடையாது. விழுந்ததை உடனே சொல்கிற ஆள்தான் நமக்கு வேண்டும்.

போன் நம்பர் ஆயாம்மா கொடுத்தது. எடுப்பவர் அவருடைய சொந்தக்காரராகவும் இருக்கலாம். அதனால் விவரங்களை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். எந்தத் தெரு, குழந்தைக்கு அப்போது என்ன வயது, எத்தனை மணிக்கு வந்து போவார் என்பதை அவர் வாயிலிருந்தே வரவழையுங்கள். ஆயாம்மா சொன்னதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

“அவங்களா? ரொம்பத் திமிர்” என்று சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர மறுத்ததும், சம்பளம் கூட்டிக் கேட்டதும் குற்றமல்ல. ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் பிழைப்பு போய்விடக் கூடாது. ஆனால் குழந்தையை அடித்தார், தூங்கவைக்க மருந்து கொடுத்தார் என்று தெரிந்தால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், கட்டாயம் செய்யுங்கள். வழக்கு ஏதும் இருந்தால் அதில் தெரியவரலாம். பொறுமைசாலியா என்பது, உடன் இருந்த வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

நாளைக்கு உங்கள் ஆயாம்மாவைப் பற்றி விசாரித்து உங்களுக்கும் ஒரு போன் வரும். எத்தனை அவசரம் இருந்தாலும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கேட்கிறவர் வீட்டிலும் வாய் பேசத் தெரியாத குழந்தை இருக்கிறது.

(அடுத்த வாரம்: ஆயாம்மாவின் முதல் வாரம்)