லயத்திலிருந்து ஆறு தாவல்: பிள்ளைகளுக்கு அளவைக் காட்டும் குறும்படங்கள்

1:50,000 என்ற அளவுத்திட்டத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால், பிள்ளைகள் பலர் சரியாகவே சொல்லிவிடுவார்கள்: தேசப்படத்தில் ஒரு சதமமீற்றர், நிலத்தில் 500 மீற்றர். அதே தேசப்படத்தில் "உங்கள் லயம் எங்கே?" என்று கேட்டால் விரல் நின்றுவிடும். கந்தப்பளையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு எடுக்கும் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். கணக்குத் தெரிகிறது, அந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு பழைய குறும்படங்கள் கைகொடுக்கின்றன. ஒன்று 'கொஸ்மிக் ஸூம்'. ஈவா சாஸ் உருவாக்கி, கனடாவின் தேசியத் திரைப்படச் சபை 1968இல் வெளியிட்ட எட்டு நிமிட அனிமேஷன் படம். ஒட்டாவா ஆற்றில் ஒரு சிறுவன் தன் நாயுடன் படகு வலிக்கிறான். அந்தக் காட்சி அப்படியே உறைகிறது. பார்வை மட்டும் மேலே எழுந்து, நகரம், கண்டம், பூமி, விண்மீன் கூட்டங்கள் என்று விலகிப் போகிறது. பிறகு வந்த வழியே திரும்பி, சிறுவனின் கையில் உட்கார்ந்திருக்கும் நுளம்பு வழியாக அணுவுக்குள் நுழைகிறது. படத்தில் பேச்சு இல்லாததால் மொழி ஒரு தடையே இல்லை.

மற்றது, சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977இல் வெளியிட்ட 'பவர்ஸ் ஒஃப் டென்'. சிக்காகோவில் ஏரிக்கரையோரம் விரிப்பில் இருக்கும் இருவர்மீது, ஒரு மீற்றர் அகலக் காட்சியாக அது தொடங்குகிறது. பத்து செக்கனுக்கு ஒருமுறை காட்சியின் அகலம் பத்து மடங்காகிறது.

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியர் கேய்ஸ் பூக்கே 1957இல் வெளியிட்ட, நாற்பது தாவல்களில் பிரபஞ்சத்தைக் காட்டும் படப்புத்தகம். அதன் முதல் படத்தில், மடியில் பூனையோடு ஒரு சிறுமி பாடசாலை முற்றத்தில் அமர்ந்திருக்கிறாள். பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் தொடங்கு என்பதே பூக்கேயின் முறை. ஆகவே சிக்காகோவைப் பார்த்த பிறகு, எங்கள் படத்தைக் கந்தப்பளையில் தொடங்குகிறோம்.

தேவையானவை ஏழு தாள்களும் ஒரு கைப்பேசியும். ஒவ்வொரு தாளும் 20 சதமமீற்றர் சதுரம். நடுவில் 2 சதமமீற்றரில் ஒரு சிறு சதுரம். முந்திய தாளில் வரைந்தது முழுவதும் அந்தச் சிறு சதுரத்துக்குள் அடங்க வேண்டும். முதல் தாள் ஒரு மீற்றர்: வாசலில் இருக்கும் கொழுந்துக் கூடை. பத்து மீற்றரில் காம்பரா. நூறு மீற்றரில் லயமும் தேயிலை நிரைகளும். ஒரு கிலோமீற்றரில் மலைகள், பாதை, மரக்கறித் தோட்டங்கள். நூறு கிலோமீற்றரில் நுவரெலியாவுடன் ஹட்டன், பதுளை, கண்டி எல்லாம் வந்துவிடும்.

ஆறாவது தாவலில் அகலம் ஆயிரம் கிலோமீற்றர். இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். வடமேற்கே மதுரையும் திருச்சியும் தஞ்சாவூரும் தெரியும். இந்தப் பிள்ளைகள் பலருடைய மூதாதையர் புறப்பட்ட ஊர்களும், அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காடு வழியே நடந்த நிலமும், இன்றைய லயமும் ஒரே தாளில் இருக்கின்றன. இருநூறு வருட வரலாற்றை எத்தனை சொற்களில் சொன்னாலும் வராத ஓர் அமைதி அப்போது வகுப்பில் வரும்.

எல்லாத் தாள்களையும் வரிசையாகப் படமெடுத்து ஓடவிட்டால் அதுவே குறும்படம். ஓடவிட்டால் மட்டும் போதாது, இடையிடையே நிறுத்திக் கேட்க வேண்டும். ஒரு முறை "லயம் சின்னதாப் போயிருச்சு சேர்" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்த சிறுமி விடவில்லை: "லயம் அங்கனதான் இருக்கு. நாமதான் தூரமாப் போயிட்டோம்." பார்வைக் கோணம் பற்றிய பாடத்தின் சாரம் அவ்வளவுதான். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மறைக்கலாம். அதனால் விரல் மலையைவிடப் பெரிதாகிவிடாது. மேட்டில் நின்று, கீழே கொழுந்து பறிக்கும் அம்மாவைப் புள்ளியாகப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும்.

இப்போது முதற்கேள்விக்கு வரலாம். பன்னிரண்டு அடி நீளமான காம்பரா, 1:50,000 தேசப்படத்தில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குகூட வராது. பென்சில் முனை அதைவிடத் தடிப்பு. எனவே அங்கே காம்பரா தெரியாதது அளவுத்திட்டத்தின் விளைவு. அங்கே வாழ்பவர்கள் பொருட்டில்லை என்பதற்கான சான்று அல்ல. இந்த வேறுபாட்டைப் பிள்ளை புரிந்துகொள்வது முக்கியம்.

வளர்ந்த பிறகு அது இன்னும் முக்கியம். மலையகத்தில் காணி பற்றிய பேச்சு பேர்ச்சஸ் கணக்கில்தான் நடக்கிறது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று மீற்றருக்குச் சற்று அதிகம். 1:1,000 வரைபடத்தில் அது 13 மில்லிமீற்றர் சதுரம். வாக்குறுதியாகக் கேட்கும் எண்ணை நிலத்தில் காலடி வைத்து அளக்கவும், கையில் தரப்படும் வரைபடத்தோடு ஒப்பிடவும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். சொந்தக் காணி இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அளவுத்திட்டம் பரீட்சையோடு முடிந்துபோகும் பாடம் அல்ல.